கவுத்து வெச்ச தட்டு

என்னைச் சந்தேகப் பிராணின்னு சொல்றவங்க சொல்லிட்டுப் போகட்டும். அந்தச் சந்தேகத்துக்குத்தான் எனக்கு மாசா மாசம் சம்பளம் வருது. வீட்டுச் சாமான் விக்கிற பெரிய கடை ஒண்ணுல, வாங்கினதைத் திருப்பிக் குடுக்க வர்றவங்களுக்குன்னு ஒரு கவுண்டர் இருக்கு. அதுல உட்கார்ந்திருக்கிறவ நான். கருகிப்போன இஸ்திரிப்பெட்டி, மூடி உடைஞ்ச மிக்ஸி, தண்ணியில முங்கி எழுந்த ஹேர் டிரையர் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். கூடவே ஒரு கதையும் வரும். கூட வேலை பார்க்கிற பொண்ணுங்க எனக்கு வெச்சிருக்கிற பேரு ஸ்கேன் மெஷின்.

இந்த வேலையில நான் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான். எப்படி உடைஞ்சுதுன்னு கேட்டுட்டு வாயை இறுக்கி மூடிக்கணும். கீழே போட்டீங்களான்னு கேட்டா இல்லவே இல்லைம்பாங்க. தானா நின்னுபோச்சான்னு கேட்டா ஆமா ஆமாம்பாங்க. கேள்வியிலேயே பதிலைப் பிசைஞ்சு ஊட்டிவிட்டா எவன்தான் வேண்டாம்பான்? நாம பேசாம இருந்தோம்னா, அந்த மௌனம் தாங்காம அவங்களே பேசிப் பேசி, பிள்ளை அதுக்குள்ள பால் ஊத்தின கதை வரைக்கும் வந்துடுவாங்க.

அன்னைக்கு மத்தியானம் அப்படித்தான் ஒரு அம்மா கெட்டிலோட வந்து நின்னாங்க. நான் கேட்டுட்டு வாயை மூடினேன், போன் அடிச்சுது. என் வீட்டுக்காரர். சின்னவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னாரு. கதையைக் கேட்காமலே ஒரு சாமானுக்குப் புதுசு குடுத்து அனுப்பின ஒரே நாள் அதுதான்.

சின்னவன்னா என் கொழுந்தன். அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரு சலவைக்கடை நடத்துறாங்க. லாட்ஜுங்கள்ல இருந்து அழுக்குப் படுக்கைவிரிப்பு, துண்டு எல்லாம் மூட்டை கட்டி எடுத்துட்டு வந்து, துவைச்சு, தேய்ச்சு, திருப்பிக் கொண்டுபோய்க் குடுக்கிற தொழில். அதுக்கு ஒரு வெள்ளை வேன். நாங்க மூணு பேரும் ஒரே வீட்லதான் இருக்கோம். எனக்குப் பிள்ளை இல்ல. சின்னவனைத் திட்டுறதுலயே எனக்கு அந்தக் குறை தெரியாமப் போயிடுச்சு.

அதுக்கு முந்தாநாள் சாயங்காலம் மழை கொட்டு கொட்டுன்னு கொட்டிச்சு. ஆஸ்பத்திரிக்குப் பின்னால இருக்கிற குறுக்குத் தெருவுல, தெருக் கூட்டுற ஒரு பெரியவர் கைவண்டியைத் தள்ளிட்டுப் போயிருக்காரு. ஒரு வெள்ளை வேன் அவரை இடிச்சுத் தள்ளிட்டு நிக்காமப் போயிடுச்சு. தலையில அடி, இன்னும் கண்ணு முழிக்கல. அந்தத் தெருவுல கடை வெச்சிருக்கிற யாரோ நம்பர்ல பாதியைப் பார்த்திருக்காங்க. அதைப் பிடிச்சுக்கிட்டே போலீஸ் எங்க கடைக்கு வந்திருக்கு. வேனோட மூஞ்சி ஒடுங்கியிருக்கு. கடையில சின்னவன் மட்டும் இருந்திருக்கான். வண்டியோட சேர்த்து அவனையும் கொண்டுபோய், யாருடா ஓட்டினதுன்னு கேட்க, நான்தான்னு சொல்லிட்டானாம்.

எனக்கு வந்த கோவம் போலீஸ் மேல இல்ல, அவன் மேல. செஞ்சாலும் செஞ்சிருப்பான்னுதான் முதல்ல நினைச்சேன், பொய் சொல்லக் கூடாது. அவன் வண்டி ஓட்டுற லட்சணம் எனக்குத் தெரியும். பாட்டுப் பாடிக்கிட்டே ஓட்டுவான், பாட்டுல சந்தேகம் வந்தா நம்ம பக்கம் திரும்பிக் கேட்பான். இடிச்சதைக்கூட மன்னிக்கலாம், நிக்காம எப்படிடா போனேன்னு மனசுக்குள்ள அவனை நாலு அறை விட்டேன்.

என் வீட்டுக்காரரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டேன். வீட்டு ஆள் ஒருத்தர் வந்தாப் போதும்னு சொல்றாங்க, நீ போன்னாரு. எனக்கு அந்தப் படி ஏறினாலே வயித்தைக் கலக்கும், நீன்னா பேசுவேன்னாரு. அதுவும் நியாயம்தான்னு அப்பப் பட்டுச்சு. இந்த வீட்ல வாய் எனக்குத்தானே. தூறல் விழுந்துக்கிட்டு இருந்துச்சு. தலையைச் சுத்தி, காதை மூடி ஒரு ஸ்கார்ஃபைக் கட்டிக்கிட்டுக் கிளம்பினேன்.

ஸ்டேஷன்ல என்னை ஒரு சின்ன ரூம்ல உட்கார வெச்சாங்க. ஒரு மேசை, நாலு நாற்காலி, அதுல ஒண்ணோட காலுக்கு அட்டை மடிச்சு முட்டுக் குடுத்திருந்தாங்க. விசாரணை அதிகாரி வந்தாரு. அதட்டுற ஆளா இருப்பார்னு நினைச்சு நானும் குரலைத் தீட்டி வெச்சிருந்தேன். அந்த மனுஷன் வாயைத் திறந்தா வெல்லப்பாகு. "வாங்கம்மா, நனைஞ்சுட்டீங்களா, டீ சொல்லட்டுமா"ன்னு ஆரம்பிச்சு, தம்பி தங்கமான பையன், மனசுல பாரத்தை வெச்சுக்கத் தெரியாதவன், கேட்டதும் கடகடன்னு சொல்லிட்டான்னு ஒரே பாராட்டு. நான் அந்த நிமிஷமே அவருக்குச் சர்க்கரைன்னு பேரு வெச்சேன். என் கவுண்டருக்கு "நீங்க என் கூடப்பிறந்தவங்க மாதிரி"ன்னு சொல்லிக்கிட்டு வர்றவங்கதான் பெரிய பொய்யோட வருவாங்க. அதனால இனிப்பா யாராவது பேசினா எனக்கு முதுகு நிமிர்ந்துடும்.

சர்க்கரை நிலவரத்தைச் சொன்னாரு. வாக்குமூலம் தயார். அதை வீட்டு ஆள் முன்னாடி வாசிச்சுக் காட்டி, கேட்டேன்னு என்கிட்ட ஒரு கையெழுத்து. நாளைக்குக் காலையில நீதிபதி முன்னாடி நிறுத்துவாங்க. அங்கேயும் அவன் ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா அதுக்கப்புறம் யார் தலைகீழா நின்னாலும் மாத்த முடியாது. பெரியவர் பொழைச்சா ஒரு மாதிரி, பொழைக்கலைன்னா சின்னவன் ஏழெட்டு வருஷம் உள்ளே. இதையும் அதே இனிப்போடதான் சொன்னாரு.

சின்னவனைக் கூட்டிட்டு வந்தாங்க. என்னைப் பார்த்ததும் சிரிச்சான். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஏழெட்டு வருஷம் உள்ளே போகப்போறவன் சிரிக்கிற சிரிப்பா அது? பரீட்சை முடிஞ்சு வெளியே வந்தவன் மாதிரி இருந்தான்.

சர்க்கரை வாசிச்சாரு. "மேற்படி தினம் மாலை, மழை பெய்துகொண்டிருந்த வேளையில், நான் எனது வாகனத்தை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து..." எனக்கு அங்கேயே முதல் இடறல். சின்னவன் வாயில அஜாக்கிரதைன்னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா நான் மொட்டை போட்டுக்கிறேன். அவன் ஒரு விஷயத்தைச் சொன்னா வால்ல ஆரம்பிச்சுத் தலைக்கு வருவான், நடுவுல சம்பந்தமே இல்லாம ஒரு நாய் வரும். இது என்னடான்னா படி இறங்குற மாதிரி ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு அழகா இறங்கிப் போகுது. சரி, எழுதுறவங்க இஸ்திரி போட்டு எழுதுவாங்கன்னு விட்டுட்டேன்.

அடுத்த வரி வந்துச்சு. "வைப்பர் நன்கு இயங்கிக்கொண்டிருந்தும், எதிரே வந்த நபரை நான் கவனிக்கத் தவறினேன்."

இது ரெண்டாவது இடறல். ஏன்னா அந்த வேன்ல ஓட்டுறவர் பக்கத்து வைப்பர் கழண்டு போய் எத்தனையோ நாளாச்சு. அதை மாத்தணும்னு வீட்டுக்கு எடுத்துட்டு வந்து, எங்க சமையலறை ஜன்னல் கட்டையில போட்டதுதான், அப்படியே கிடக்கு. பாத்திரம் கழுவுறப்பல்லாம் அதைப் பார்த்து நான் கத்தாத நாளில்ல. மழைக்காலம் வருது, மாத்துங்க மாத்துங்கன்னு ரெண்டு பேர்கிட்டயும் தொண்டை வறளச் சொல்லியிருக்கேன். சின்னவனுக்கு அது நல்லாவே தெரியும்.

அவனைப் பார்த்தேன். தலையை ஆட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் சொன்னதை அவன் வாயாலயே நான் கேட்கணும்னேன். சர்க்கரைக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல, பெருமைதான். எல்லாம் பதிவாகியிருக்கும்மா, எங்ககிட்ட ஒளிவுமறைவே கிடையாது, நான் யாரையும் ஒரு சுடுசொல் சொன்னதில்லைன்னு கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிப் போட்டுக் காட்டினாரு. சின்னவனை வெளி பெஞ்சுல உட்கார வெச்சுட்டாங்க.

கேட்டேன். சுடுசொல் இல்லைங்கிறது உண்மைதான். அதட்டல் இல்ல, மிரட்டல் இல்ல. ஆனா அவ்வளவு நேரப் பேச்சுல சின்னவன் பேசினதைச் சேர்த்தா ஒரு கை நிறையாது. ஆமா சார், ம், அப்படித்தான் சார். அவ்வளவுதான். மிச்சம் பூரா சர்க்கரை.

"தம்பி, நீ நிக்காமப் போனது பயத்துலயா, திமிர்லயா?"

"பயத்துல சார்."

"அதானே. உன்னைப் பார்த்தாலே தெரியுதே. வைப்பர் எல்லாம் ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு?"

"ஓடிச்சு சார்."

"ரொம்ப நல்லது. நாம இதை இப்பவே முடிச்சுடலாம். பாரு, பொட்டலம் சூடா இருக்கு. சொல்லிட்டு நிம்மதியா சாப்பிடு."

அவன் அரைகுறையா நான்தான்னு சொன்னதுக்கு அப்புறம், நீதான் ஓட்டினியான்னு யாருமே அவனைத் திரும்பக் கேட்கல. ஏன் ஓட்டினே, எப்படி ஓட்டினே, பயமா திமிரா, வேகமா ரொம்ப வேகமா. ரெண்டு ரெண்டு கதவாத் திறந்து வெச்சிருக்காரு. எதுல நுழைஞ்சாலும் உள்ளே இருக்கிறது அதே ரூம்தான். சர்க்கரை கேட்டதெல்லாம் "நீ"ன்னு ஆரம்பிச்சுது. எழுதினப்போ அதெல்லாம் "நான்"னு மாறிடுச்சு. சின்னவனோட ஆமா மட்டும் காத்துல போயிடுச்சு.

ஆனா என்னை உலுக்கினது அது இல்ல. அந்தச் சாப்பாட்டுப் பொட்டலம்.

எங்க மாமியார் உயிரோட இருந்தப்போ அந்த வீட்ல ஒரு வழக்கம் வெச்சிருந்தாங்க. ஏதாவது உடைஞ்சாலோ, தொலைஞ்சாலோ, திருட்டுத்தனமா எதையாவது தின்னாலோ, சாப்பாட்டு மேசையில எல்லார் தட்டையும் கவுத்து வெச்சுடுவாங்க. ஒரு வார்த்தை திட்ட மாட்டாங்க. யாராவது ஒருத்தர் நான்தான்னு சொல்ற வரைக்கும் ஒருத்தருக்கும் சோறு கிடையாது. சொல்லிட்டா அவ்வளவுதான். அடி இல்ல, விசாரணை இல்ல, அந்தப் பேச்சே அதோட முடிஞ்சுது. எல்லார் தட்டையும் நிமிர்த்திப் பரிமாறிடுவாங்க. கேட்க என்னமோ பெரிய மனசு மாதிரித்தான் இருக்கும். யார் செஞ்சதுங்கிறது மட்டும் அந்த வீட்ல கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாது.

அண்ணன் அழுத்தமானவர், பட்டினி தாங்குவாரு. தம்பிக்குப் பசி தாங்காது. அதைவிட அந்த அமைதி தாங்காது. அதனால எது நடந்தாலும் சின்னவன்தான் நான்தான்னு சொல்லுவான். நான் கல்யாணமாகி வந்த புதுசுல, பூட்டியிருந்த என் பெட்டியில இருந்த சென்ட் பாட்டில் உடைஞ்சதுக்குக்கூட அவன்தான் நான்தான்னான். சாவி என் இடுப்புல இருந்துச்சு. நான் சிரிச்சுட்டேன். சிரிச்சிருக்கக் கூடாது. மாமியார் போனதுக்கு அப்புறமும் அந்த வழக்கம் போகல. இப்பவும் என் வீட்டுக்காரருக்குக் கோவம் வந்தா தட்டைக் கவுத்துட்டு உட்கார்ந்துக்குவாரு. சின்னவன் ஓடி வந்து எதையாவது ஒத்துக்குவான். என்னன்னே தெரியாமகூட ஒத்துக்குவான்.

சர்க்கரைகிட்ட வைப்பர் விஷயத்தைச் சொன்னேன், எங்க வீட்டுத் தட்டு வழக்கத்தையும் சொன்னேன். மனுஷன் எழுந்து தானே போய், முற்றத்துல நிறுத்தியிருந்த வேனைச் சுத்திப் பார்த்துட்டு வந்தாரு. முகத்துல இனிப்பு கொஞ்சம் குறைஞ்சிருந்துச்சு. ஆனாலும் விடல. பயத்துல ஒண்ணு ரெண்டு மாத்திச் சொல்லியிருப்பான்மா, அதுக்காக எல்லாமே பொய்யாயிடுமான்னாரு.

"தான் செய்யாததை எவனாவது செஞ்சேன்னு சொல்லுவானா? நீங்களே சொல்லுங்க."

"சொல்லுவான். கூப்பிடுங்க அவனை. நான் ஒரு கேள்வி கேட்கிறேன். நீங்க குறுக்கே பேசாதீங்க."

சின்னவனைக் கூட்டிட்டு வந்து எனக்கு எதிரே உட்கார வெச்சாங்க. டீ வந்திருந்துச்சு, ஒரு கூஜா, காலி டம்ளர் மூணு. அவன் முன்னாடி இருந்த டம்ளரை எடுத்துக் கவுத்து வெச்சேன். அவன் சிரிப்பு நின்னுபோச்சு. கண்ணு அந்த டம்ளரை விட்டு நகரல.

போன வாரம் காணாமப்போன என் கம்மலைப் பத்திக் கேட்டேன். சர்க்கரை பாணியிலேயே கேட்டேன். "வித்த காசுல சட்டை வாங்கினியா, சினிமாவுக்குப் போனியா?"

டம்ளரைப் பார்த்தே சொன்னான். "சட்டை வாங்கினேன் அண்ணி."

"ஒண்ணை வித்தியா, ரெண்டையுமா?"

"ரெண்டையும்தான். தப்புதான் அண்ணி. நான்தான்."

நான் ஸ்கார்ஃபை அவிழ்த்தேன். ரெண்டு காதுலயும் ரெண்டு கம்மல். அந்தக் கம்மல் கல்யாணத்துல இருந்து என் காதை விட்டு இறங்கினதே இல்ல.

ஜெயிச்சுட்டேன்னு சந்தோஷம் வரணும்ல, வரல. விவரம் தெரியாத பிள்ளையைக் கூட்டத்துல வெச்சு அடிச்ச மாதிரி இருந்துச்சு. அவன் என் காதைப் பார்க்கிறான், அதிகாரியைப் பார்க்கிறான், என்ன தப்பாச் சொன்னோம்னு முழிக்கிறான். ஏன்டா இப்படிச் சொன்னேன்னு கேட்டேன். நீங்க அவ்வளவு கோவமா இருந்தீங்க, சொல்லிட்டா சரியாயிடுவீங்கன்னு நினைச்சேன்னான். நான் டம்ளரை நிமிர்த்தி அவனுக்கு டீ ஊத்தினேன்.

சர்க்கரை சின்னவனை வெளியே போய்க் குடிக்கச் சொல்லிட்டு என் பக்கம் திரும்பினாரு.

"வண்டிச் சாவி எங்கேம்மா இருக்கும்?"

கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டாரு. முதல் தடவையா அந்த மனுஷன் பதில் வைக்காம ஒரு கேள்வி கேட்டாரு, அதை என்கிட்ட கேட்டாரு. நானும் என்னமோ பெரிசா ஒருத்தனைக் காப்பாத்தின மிதப்புல, கடைச் சுவத்து ஆணியிலதான் சார் தொங்கும்னேன். அவரு பேசல. யாருக்கு வேலையோ அவங்க எடுத்துக்குவாங்கன்னேன். அவரு பேசல. அந்த அமைதியை நிரப்பாம என்னால இருக்க முடியல. அண்ணன் தம்பி ரெண்டு பேருமே ஓட்டுவாங்கன்னேன்.

சொல்லி முடிச்சப்புறம்தான் என் காதுல அது விழுந்துச்சு. ரெண்டு பேருமே. அந்தக் கடையில இருக்கிறதே ரெண்டு பேருதான். அதுல ஒருத்தன் ஓட்டலைன்னு இப்பத்தான் நானே கம்மலைக் காட்டி நிரூபிச்சிருக்கேன்.

ஊர்ல இருக்கிற ஒவ்வொரு மிக்ஸியையும் சந்தேகப்பட்டவ, கூடப் படுத்து எழுந்திருக்கிற மனுஷனை ஒரு நிமிஷம்கூடச் சந்தேகப்படல. சின்னவனை யார் கேட்டாலும் ஒத்துக்குவான்னு அவருக்குத் தெரியாதா? அந்தத் தட்டை இன்னைக்கு வரைக்கும் கவுக்கிறவரே அவர்தானே. ஸ்டேஷன் படி ஏறினாலே வயித்தைக் கலக்கும்னு அவர் சொன்னப்போ நியாயம்னு நினைச்சேன் பாருங்க, என்னை என்ன சொல்றது.

சர்க்கரை வாக்குமூலத்தை மடிச்சு இழுப்பறையில போட்டாரு. இன்னைக்குத் தம்பியைக் கூட்டிட்டுப் போங்க, நாளைக்குக் காலையில மூணு பேருமா வாங்கன்னாரு. குரல்ல பழைய இனிப்பு வந்துடுச்சு. வாசல் வரைக்கும் கூடவே வந்து, மெதுவா ஒண்ணு சொன்னாரு.

"உங்க வீட்ல எப்படிக் கேட்பீங்களோ, அப்படியே கேளுங்கம்மா."

அந்த ஆள் தோத்துப்போய் எங்களை விட்டாரா, இல்ல என்னை வெச்சே மிச்ச வேலையையும் முடிச்சுக்கிறாரான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு விளங்கல. பஸ் ஸ்டாப் வரைக்கும் ஒரு பைக் எங்க பின்னாலயே மெதுவா வந்த மாதிரி இருந்துச்சு. அதுவும் என் சந்தேகப் பிராணி புத்தியா இருக்கலாம்.

பஸ்ல சின்னவன் ஜன்னலோரம் உட்கார்ந்துக்கிட்டான். அன்னைக்கு அண்ணன்தான் வண்டி எடுத்தாரா, நீ பார்த்தியா, உன்கிட்ட என்ன சொல்லி வெச்சாரு, எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. கேட்கல. கேட்டா ஆமாம்பான். இல்லைன்னு நான் எதிர்பார்க்கிறேன்னு தெரிஞ்சா இல்லைம்பான். அவன்கிட்ட இருந்து ஒரு உண்மையை எடுக்கிறதுக்கு இந்த உலகத்துல யார்கிட்டயும் கேள்வி இல்ல. நாங்கதான் அவனை அப்படி ஆக்கி வெச்சிருக்கோம். பசிக்குதா அண்ணின்னு அவன்தான் என்னைக் கேட்டான்.

வீட்டுக்கு வந்தோம். என் வீட்டுக்காரர் கதவைத் திறந்தாரு. தம்பி நிக்கிறான். ஒரு அண்ணன் வாயில முதல்ல அப்பாடான்னு வரணும், வந்துட்டியாடான்னு வரணும். அவர் வாயில முதல்ல வந்தது என்ன தெரியுமா?

"எப்படி விட்டாங்க?"

அப்பாடா அதுக்கு அப்புறம்தான் வந்துச்சு. நான் செருப்பைக் கழட்டிட்டு நேரா சமையலறைக்குப் போனேன். சோறு வெச்சேன், குழம்பைச் சூடு பண்ணினேன். ரெண்டு பேரும் வந்து மேசையில உட்கார்ந்தாங்க. மூணு தட்டை எடுத்துட்டு வந்து ஒவ்வொருத்தர் முன்னாடியும் ஒவ்வொண்ணாக் கவுத்து வெச்சேன். இந்த வீட்டுக்கு வந்ததுல இருந்து நான் தட்டைக் கவுத்ததே கிடையாது. ஜன்னல் கட்டையில கிடந்த வைப்பரை எடுத்துட்டு வந்து மேசை நடுவுல வெச்சேன். என் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை கேட்கல.

மின்விசிறி சுத்துற சத்தம் மட்டும்தான். குழம்பு வாசனை வந்துக்கிட்டே இருந்துச்சு. சின்னவன் நெளிய ஆரம்பிச்சான். என் முகத்தைப் பார்த்தான், அண்ணன் முகத்தைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான். வாயைத் திறந்தான்.

"அண்ணி, நான்தா..."

"நீ வாயை மூடு."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அந்த மேசையில அவனை யாரும் அப்படித் தடுத்ததே இல்ல. வாயை மூடிக்கிட்டான். இப்ப அந்த வீட்ல அந்த வார்த்தையைச் சொல்றதுக்கு வேற ஆளே இல்ல.

என் வீட்டுக்காரர் வைப்பரையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. இருக்கிற சாமிக்கெல்லாம் வேண்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். இவரா இருக்கக் கூடாது, வேற ஏதாவது கதை இருக்கட்டும், நம்புற மாதிரி ஒரு பொய்யாவது சொல்லட்டும், நான் நம்பிடுறேன்னு. அவரு கையைத் தட்டு மேல வெச்சாரு. நிமிர்த்தல.

"கண்ணாடியில ஒண்ணுமே தெரியலடி," அப்படின்னாரு. "ஒரே தண்ணி. சத்தம் கேட்டப்புறம்தான் தெரிஞ்சுது. அந்த ஆள் பொழைச்சுடுவாரா?"

அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. அப்புறம் அந்த வார்த்தை வந்துச்சு. இத்தனை வருஷத்துல அவர் வாயில இருந்து நான் கேட்காத வார்த்தை. அதைச் சொல்லிப் பழக்கம் இல்லாததால குரல் யாரோ மாதிரி இருந்துச்சு. நான்தான்னாரு.

சின்னவன் அழுதான். எனக்கு அழுகை வரல, அது அப்புறம் சாவகாசமா வந்துச்சு. அவருக்கு என்னமோ நெஞ்சுல இருந்து ஒரு கல்லை எடுத்துப் போட்ட மாதிரி ஒரு நிம்மதி. முகத்தைத் துடைச்சுக்கிட்டாரு. சொல்லியாச்சுல்ல, அப்படிங்கிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டாரு. தன் தட்டை எடுத்து நிமிர்த்தினாரு. குழம்புக் கிண்ணத்துக்குக் கையை நீட்டினாரு.

அந்தத் தட்டை அவர் கையில இருந்து வாங்கித் திரும்பவும் கவுத்து வெச்சேன்.

"இங்கே சொன்னா இங்கேயே முடிஞ்சுடாது. சட்டையை மாத்துங்க. அங்கே வந்து சொல்லணும்."

நாளைக்குக் காலையில போவோமேன்னாரு. இப்பவேன்னேன். காலையில வரைக்கும் விட்டா இந்த வீட்டுச் சுவரும் தட்டும் சேர்ந்து அவரை நைசா நிமிர்த்தி உட்கார வெச்சுடும், சின்னவன் திரும்பக் கிளம்பி நிப்பான்னு எனக்குத் தெரியும். அவரு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாரு. என் முகத்துல எதையோ தேடிட்டு, கிடைக்காம எழுந்தாரு. சின்னவன் ஓடிப்போய் அண்ணனோட செருப்பை எடுத்து வாசல்ல நேரா வெச்சான்.

சர்க்கரை எங்களைப் பார்த்து ஆச்சரியப்படல. நாலாவது நாற்காலியையும் இழுத்துப் போட்டு வெச்சிருந்தாரு. என் வீட்டுக்காரர் உட்கார்ந்ததும், என்ன நடந்துச்சுன்னு மட்டும் கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டாரு. யார்கிட்ட கத்துக்கிட்டாரோ.

திரும்பி வர்றப்போ நானும் சின்னவனும் மட்டும்தான். குழம்பு ஆறிப்போயிருந்துச்சு, சுட வைக்கத் தெம்பு இல்ல. ரெண்டு தட்டை மட்டும் நிமிர்த்திச் சோறு போட்டேன். மூணாவது அப்படியே இருந்துச்சு. சின்னவன் அதைப் பார்த்துக்கிட்டே சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டு இருந்தான், வாயில வைக்கல.

"அண்ணி, எல்லாம் என்னாலதானே?"

"இன்னொரு தடவை இப்படிக் கேட்டே, கரண்டியாலயே போடுவேன். சாப்பிடு."

சாப்பிட்டான்.